அடைக்கலமும் ஒப்புவித்தலும்

அரசர்க்குரியனவாக நம் முன்னோர் வகுத்த அறங்களுள் இரண்டு, ஒன்றையொன்று எதிர்த்து நிற்பனபோலத் தோன்றும். குற்றஞ் செய்தாரை ஒறுத்தல் ஒன்று. அடைக்கலம் புகுந்தாரைக் காத்தல் மற்றொன்று. புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்து துலையிலிட்ட சிபியின் கதையை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். பகைவன் தம்பியாகிய வீடணன் வந்து நின்றபோது, ஏற்கலாமோ ஆகாதோ என்று வானரத் தலைவர் பலர் ஐயுற்று உரைக்க, இராமன் அவர்தம் கருத்துக்களைக் கேட்டறிந்த பின்னரே அவனை ஏற்றுக்கொண்டான் என்பதையும் நாம் கேட்டிருக்கின்றோம். ஆனால் ஓடி வந்தவன் தன் நாட்டிற் கொலையோ களவோ செய்தவனாயின், அவனைக் காத்தல் அறமாகுமோ? அவனுடைய நாட்டார் 'அவனை எம்மிடம் தருக' என்று கேட்பின் தருதல் வேண்டுமோ? தருவதாயின் எவற்றை ஆராய்ந்த பின்னர்த் தருதல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு ஆங்கிலப் பேரரசும், அதனினின்று விடுபட்ட நாடுகளும் கண்ட விடைகளை இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றோம்.

இவ்விஷயம் வழக்கறிஞர்க்கன்றி நமக்கென்ன என்று அன்பர் சிலர் கருதக்கூடும். நம் மரபினருட் கடல் கடந்து சென்றோர் இல்லாத குடும்பம் அரிது. முன்னாளில் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். இந்நாளில் இலண்டனுக்கும் அதற்கப்பாலும் செல்கின்றனர். ஓரிடத்துப் பிறந்து மற்றோரிடத்துப் பொருளீட்டுவார்க்கு, ஓரிடத்தெழுந்த வழக்கு மற்றோரிடத்தும் வந்து பற்றும் முறை தெரிந்திருத்தல் வேண்டும். ஆதலின் இதனைச் சங்கத்தார் அனைவர்க்கும் விளங்க எழுத முற்பட்டோம்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு நாட்டிற் குற்றஞ் சாட்டப்பெற்று வேறு நாட்டிற்கு ஓடியவனை, அவ்வேறு நாடு பிடித்து, விசாரணைக்காகவோ தண்டனைக்காகவோ முன்னைய நாட்டினிடம் சேர்ப்பித்தலே 'ஒப்புவித்தல்' எனப்படும். பத்திரிகைகள் பலகாலும் இதனை 'நாடு கடத்தல்' என்றெழுதுகின்றன. அது பொருந்தாது. தனக்கு வேண்டாத ஒருவனைத் தன் எல்லைக்கு வெளியே போக்குவது நாடு கடத்தல். பிறர் கேட்க, அவர்க்குரிய வழக்கிற்காக ஒருவனைக் கொடுப்பது ஒப்புவித்தல். முன்னது வீட்டினின்று துரத்துதல். பின்னது கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பிறர் கையிற் கொடுத்தல்.

சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் ஆங்கில அரசாங்கத்தார் இதற்கென இரண்டு சட்டங்களை இயற்றினர். 1870-ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சு, ஜெர்மனி முதலிய அயல்நாடுகளைப் பற்றியது. அயல்நாட்டுடன் உடன்படிக்கை இருத்தல் வேண்டும். சாட்டிய குற்றத்திற்குப் போதிய சான்று மாஜிஸ்திரேட்டின் முன் காட்டப்படல் வேண்டும். எக்குற்றத்திற்காக ஒப்புவிக்கப்பட்டானோ அக்குற்றத்திற்கன்றிப் பிறிதொன்றிற்காக அவனை விசாரித்தல் ஆகாது. இவையனைத்தினும் முதன்மையாக, அரசியற் சார்புடைய குற்றத்திற்காக எவரையும் ஒப்புவித்தல் கூடாது என்று அச்சட்டம் விதித்தது. தம் அரசரோடு மாறுபட்டு ஐரோப்பாவின் பல பகுதிகளினின்றும் ஓடி வந்தார்க்கு இலண்டன் மாநகரம் புகலிடமாக விளங்கிய காலம் அது. அதனை ஆங்கிலர் தமக்கொரு பெருமையாகவும் கொண்டிருந்தனர்.

இரண்டாவது, 1881-ஆம் ஆண்டின் 'தப்பியோடிய குற்றவாளிகள் சட்டம்'. இது பேரரசின் உறுப்புக்களாகிய நாடுகள் தம்முள் ஒருவர்க்கொருவர் ஒப்புவிப்பதைப் பற்றியது. இதற்கு முன்னரே 1843-இல் இவ்வகைச் சட்டமொன்று உண்டாயினும், விரிவான முறையை வகுத்தது இதுவே. இதன் கருத்து எளியது. இலண்டனும் சென்னையும் சிங்கப்பூரும் கொழும்பும் ஒரே மகுடத்தின் கீழுள்ளன. ஒரே வீட்டின் ஓர் அறையிற் பிழை செய்தவன் மற்றோர் அறையிற் சென்று ஒளிந்தால் அது புகலிடமாகுமோ? ஆகாது என்பது சட்டமியற்றியோர் கொள்கை. ஆதலின் உடன்படிக்கை வேண்டப்படவில்லை. அரசியற் குற்றத்திற்கு விலக்கும் இல்லை. இல்லாததோடு அமையாமல், இச்சட்டத்திற்குட்படும் குற்றங்களை எண்ணுமிடத்து இராஜத்துரோகமே முதலில் வைக்கப்பட்டது. இத்தாலியன் ஒருவன் தன் அரசனை எதிர்த்து இலண்டனுக்கு ஓடிவரின் அவன் விருந்தினன்; இந்தியன் ஒருவன் அவ்வாறு வரின் அவன் கைதி. அரசனுக்கு எதிரான செயல் அரசனது எல்லைக்குள் எங்கும் குற்றமே என்ற நியாயத்தால் இவ்வேற்றுமை உண்டாயிற்று.

அச்சட்டத்தின் இரண்டாம் பகுதி இன்னும் எளிய வழியொன்றை வகுத்தது. ஒன்றற்கொன்று அண்மையிலுள்ள ஆட்சிப்பகுதிகளை அரசாணையால் ஒரு தொகுதியாக்கலாம். அத்தொகுதிக்குள் ஓரிடத்து மாஜிஸ்திரேட்டு பிறப்பித்த வாரண்டின் மேல் மற்றோரிடத்து மாஜிஸ்திரேட்டு கையொப்பமிட்டால் போதும். ஆளைப் பிடித்து அனுப்பிவிடலாம். முதற்பகுதியின்படி, குற்றஞ் செய்தான் என்று கருதுதற்கு வலுவான ஏது உண்டென மாஜிஸ்திரேட்டு காணல் வேண்டும். இரண்டாம் பகுதியில் அதுவும் வேண்டுவதில்லை. வாரண்டு உண்மையானதா, உரிய அதிகாரி பிறப்பித்ததா என்பவற்றைப் பார்த்தலே போதும். வழக்கு அற்பமானதாயினும், அனுப்புதல் கொடுமையாகுமெனினும் விடுவிக்கலாம் என்றொரு விதி உண்டு. ஆயினும் சான்றைக் காட்டுமாறு கேட்கும் உரிமை ஓடியவனுக்கு இல்லை. இந்தியாவும், சிங்கப்பூரும் பினாங்கும் அடங்கிய ஆட்சிப்பகுதியும் இவ்வாறு ஒரே தொகுதியில் வைக்கப்பட்டிருந்தன.

இச்சட்டத்தின் கூர்மையை நம் நாட்டார் நன்கறிந்தது 1910-ஆம் ஆண்டில். அவ்வாண்டு மார்ச்சு மாதம் இலண்டன் புகைவண்டி நிலையமொன்றில் விநாயக தாமோதர சாவர்க்கர் சிறை செய்யப்பட்டார். பம்பாயினின்று சென்ற வாரண்டு, 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறைவேற்றப்பட்டது. அரசருக்கு எதிராகப் போர் தொடுத்தல், கொலைக்கு உடந்தையாதல், இராஜ நிந்தனை முதலியன அவர் மேற் சாட்டப்பட்ட குற்றங்கள். இந்தியாவுக்கு அனுப்பின் ஜூரிகள் இன்றித் தனி நீதிபதிகள் மூவர் முன் விசாரணை நடக்கும். ஆதலின் அனுப்புதல் கொடுமையாகும் என்று அவர் சார்பில் வாதிக்கப்பட்டது. இலண்டன் நீதிமன்றங்கள் அதனை ஏற்கவில்லை. ஜூலை முதல் நாளில் 'மோரியா' என்னுங் கப்பலில் அவர் ஏற்றப்பட்டார்.

அடுத்து நிகழ்ந்தது உலகறிந்த செய்தி. ஜூலை 8-ஆம் நாள் காலையிற் கப்பல் பிரான்சு தேசத்து மார்சேல்ஸ் துறைமுகத்தில் நின்றபோது, அவர் கப்பலின் சிறு துளை வழியாகக் கடலிற் குதித்து நீந்திக் கரையேறினார். பிரெஞ்சுக் காவலன் ஒருவன் அவரைப் பிடித்தான். கப்பலிலிருந்து வந்த காவலர் அவரை மீட்டுங் கொண்டுசென்றனர். அயல்நாட்டு மண்ணிற் கால் வைத்தவரை ஒப்புவிக்கும் முறையொன்றுமின்றிக் கொண்டுபோதல் தகாதென்று பிரெஞ்சு அரசாங்கத்தார் முறையிட்டனர். ஹேக் நகரத்து நடுவர் மன்றம் அவ்வழக்கை ஆராய்ந்து, 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-இல் தீர்ப்பளித்தது. பிடித்துக் கொடுத்த முறை ஒழுங்கற்றதே. எனினும் அவரைத் திருப்பித் தருதற்கு ஆங்கில அரசாங்கத்தார் கடமைப்பட்டவரல்லர் என்பது அத்தீர்ப்பு. சாவர்க்கர் அந்தமான் சென்றார்.

இவ்வரலாற்றில் தமிழர் மறத்தற்கரிய பகுதியொன்று உண்டு. இலண்டனில் சாவர்க்கரோடு உடனிருந்தவர் வ. வே. சு. ஐயர். அவர் ஆங்கிலக் காவலர் கையிற் சிக்காது இலண்டனை விட்டகன்று, அதே 1910-ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் புதுச்சேரி வந்து சேர்ந்தார். சுப்பிரமணிய பாரதியார் 1908-இலும், அரவிந்தர் 1910-இலும் அங்கே புகல் கொண்டனர். சென்னைக்குப் புதுச்சேரி நூறு மைல். இலண்டனோ கடல்கள் பல கடந்த தொலைவு. ஆயினும் சட்டத்தின் கணக்கில் இலண்டன் அடுத்த அறை. புதுச்சேரி அயல் வீடு. 1881-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வூரின் எல்லைக்கோட்டோடு நின்றுவிட்டது. தொலைவு ஒருவனைக் காப்பதில்லை; வேறொரு வாயில் இருத்தலே காக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, அப்பேரரசு கலைந்தபின் நிகழ்ந்ததைப் பார்ப்போம். 1947-இல் இந்தியா விடுதலை பெற்றது. 1950 ஜனவரி 26-இல் குடியரசாயிற்று. ஆயினும் பழைய சட்டங்கள் மாற்றப்படுமளவும் நிலைத்திருக்கும் என்று அரசியலமைப்பே கூறிற்று. அங்ஙனமாயின் 1881-ஆம் ஆண்டுச் சட்டமும் நிலைத்திருந்ததோ? இவ்வினா எழுந்த இடம் நம் சென்னையே. சிங்கப்பூரில் வழக்கறிஞராயிருந்த இந்தியர் ஒருவர் மேல், நம்பி ஒப்படைத்த பொருளைக் கையாடினார் என்றும், அவர் மனைவி மேல் அதற்கு உடந்தையானார் என்றும் அவ்வூரில் வழக்குத் தொடரப்பட்டது. சிங்கப்பூர் அப்போதும் ஆங்கிலக் குடியேற்ற நாடே. அந்நாட்டதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி அவ்விருவரும் பிடிக்கப்பட்டு எழும்பூர் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தப்பட்டனர். 'யாம் இந்தியக் குடிகள். இப்பழைய சட்டம் குடியரசின் அமைப்புக்கு மாறானது' என்று அவர்கள் வாதித்தனர். மாஜிஸ்திரேட்டு அவ்வினாவை உயர்நீதிமன்றத்திற்கு அனுப்பினார்.

சட்டத்தின்முன் யாவரும் ஒப்பர் என்னும் அடிப்படை உரிமைக்கு அச்சட்டம் முரணாகும் என்று சென்னை உயர்நீதிமன்றம் முடிவு செய்தது. 1954-இல் உச்சநீதிமன்றமும், தலைமை நீதிபதி மெஹர்சந்த் மகாஜன் காலத்தில், அம்முடிபையே வேறு காரணம் பற்றி நிலைநாட்டிற்று. அதன் நியாயம் தெளிவானது. ஆங்கில ஆட்சிப்பகுதிகளைத் தொகுதியாக்குதலே அச்சட்டத்தின் அடிப்படை. இந்தியா இனி ஆங்கில ஆட்சிப்பகுதியன்று. அடிப்படை போனபின் மேற்கட்டடம் நில்லாது. அரசியலமைப்பின் உரிமைகளைப் பற்றிய வினாவுக்கே இடமில்லாமற் போயிற்று. அவ்விருவர் குற்றவாளிகளா அல்லரா என்பதனை அம்மன்றங்கள் ஆராயவில்லை. அது அவற்றின் முன்னிருந்த வினாவுமன்று. அனுப்புதற்குச் சட்டம் உண்டா என்பதே வினா. இல்லை என்பதே விடை.

வியப்பு யாதெனில், இரண்டாண்டுகட்கு முன்னர் 1952-இல் இலண்டன் நீதிமன்றம் இதற்கு மாறான முடிபைக் கூறியிருந்தது. இந்திய அரசாங்கத்தார் ஒருவரை இங்கிலாந்தினின்று கேட்டபோது, 'இந்தியா குடியரசாகிவிட்டமையின் அச்சட்டம் பொருந்தாது' என்று அவர் வாதித்தார். குடியரசானபோதிலும் முன்னிருந்த ஆங்கிலச் சட்டங்கள் இந்தியாவைப் பொறுத்தவரை மாறாது நிலவும் என்று 1949-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் விதித்திருந்ததைக் காட்டி, அவ்வாதம் தள்ளப்பட்டது. ஒரே சட்டம் தேம்ஸ் நதிக்கரையில் உயிரோடிருந்தது; கூவத்தின் கரையில் இறந்துபட்டது. பழைய வீட்டைப் பிரித்துக்கொண்ட உடன்பிறந்தாருள் ஒருவர், இடைச்சுவர் எழுந்ததை அறியாதார் போன்றிருந்தனர்.

பழைய சட்டத்தின் கொடுமையை ஆங்கிலரே உணருமாறு செய்தது ஆப்பிரிக்கர் ஒருவரின் வழக்கு. நைஜீரியா தேசத்துத் தலைவர் அந்தோணி எனஹோரோ, 1953-இல் தம் நாட்டிற்குத் தன்னாட்சி வேண்டுமென்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தவர். 1960 அக்டோபரில் அந்நாடு விடுதலை பெற்றது. ஈராண்டு கழிந்ததும், ஆளுங்கட்சியாரோடு மாறுபட்ட அவர் மேல் அரசைக் கவிழ்க்கச் சூழ்ந்தார் என்ற குற்றம் சாட்டப்பட்டது. அவர் இங்கிலாந்திற் புகல் நாடினார். 1881-ஆம் ஆண்டுச் சட்டம் அவரையும் பற்றிற்று. நீதிமன்றங்கள், இச்சட்டத்தில் அரசியற் குற்றத்திற்கு விலக்கு இல்லை என்றன. பாராளுமன்றத்திற் பெரும் வாதம் நிகழ்ந்தது. அவர் தமக்கென விரும்பிய ஆங்கில வழக்கறிஞர் நைஜீரியாவில் வாதிக்க விடப்படார் என்ற செய்தி அவ்வாதத்தை மேலும் வளர்த்தது. எனினும் 1963 மே மாதத்தில் அவர் ஒப்புவிக்கப்பட்டார். அவ்வாண்டே பதினைந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டார். 1966-இல் அந்நாட்டு ஆட்சி மாறியபின் விடுதலை பெற்றார். விடுதலை கேட்டவரை, விடுதலை பெற்ற அவர் நாட்டினிடமே, பழைய ஆண்டையின் சட்டம் கட்டிக் கொடுத்தது. ஒரே மகுடம், ஒரே வீடு என்ற கொள்கை எத்தகைய வெறுங்கூடாகிவிட்டது என்பதை இது காட்டிற்று.

இதன் பயனாகச் சட்டங்கள் மாறின. காமன்வெல்த்து நாடுகளின் சட்ட அமைச்சர்கள் 1966-இல் இலண்டனிற் கூடி ஒரு பொதுமுறையை ஏற்றுக்கொண்டனர். இரு நாட்டிலும் குற்றமாகும் செயலுக்கே ஒப்புவித்தல். போதிய சான்று வேண்டும். அரசியற் குற்றத்திற்கு ஒப்புவித்தல் இல்லை. ஒப்புவித்த குற்றத்தை விட்டு வேறொன்றிற்கு விசாரித்தல் இல்லை. இங்கிலாந்து 1967-இல் இதற்கேற்பப் புதிய சட்டம் இயற்றிற்று. இனம், சமயம், நாடு, அரசியற் கருத்து இவை காரணமாக ஒருவன் துன்புறுத்தப்படுவான் எனினும் அனுப்புதல் ஆகாது என்பதும் அதில் இடம் பெற்றது. அயல்நாட்டார்க்கு 1870-இல் வழங்கிய நீதி, சொந்தப் பேரரசின் குடிகளாயிருந்தார்க்குக் கிடைக்கத் தொண்ணூற்றேழு ஆண்டுகள் சென்றன!

இந்தியா இவர்க்கெல்லாம் முன்னரே வழிகண்டது என்று கூறுதற்கு மகிழ்கின்றோம். 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பால் உண்டான வெற்றிடத்தை நிரப்ப, 1962-இல் ஒப்புவித்தற் சட்டம் இயற்றப்பட்டது. அரசியற் குற்றத்திற்கு அதில் விலக்குண்டு. 1881-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் இயலுமளவும் நீக்கப்பட்டது. பின்னர் 1992-இல் இங்கிலாந்தும் இந்தியாவும் தனி உடன்படிக்கை செய்துகொண்டன. கொலை, வெடிகுண்டு, ஆட்களைப் பிணையாகப் பிடித்தல் முதலிய கொடுஞ்செயல்கள் அரசியற் போர்வையாற் குற்றமல்லாதன ஆகிவிடா என்று அதில் வரையறுத்தனர். அவ்வுடன்படிக்கையின்படி இங்கிலாந்தினின்று முதன்முதலாக ஒருவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது 2016-ஆம் ஆண்டில். 2018-இல் வேறொரு பெரும்பொருள் வழக்கில், இலண்டன் மாஜிஸ்திரேட்டு, மும்பைச் சிறையில் அவர் அடைக்கப்படவிருந்த அறையைப் படம் பிடித்துக் காட்டுமாறு கேட்டு, வெளிச்சமும் காற்றும் உண்டா என்று பார்த்தபின்னரே முடிவுரைத்தார். சாவர்க்கர் காலத்தில் எவரும் அவ்வாறு கேட்கவில்லை.

இவ்விடத்து ஒரு தடை எழும். வாயில்கள் இத்துணையும் வைத்தால் வஞ்சகரும் அவற்றின் வழியே நுழைந்து தப்பாரோ? தப்புவர் என்பது மெய்யே. பிறர் பொருளை வௌவி அயல்நாட்டிற் சுகமாக வாழ்வாரைக் கண்டு நெஞ்சு புழுங்காதார் யார்? வழக்குப் பல ஆண்டு நீளுதலும் உண்மையே. ஆயினும் ஒப்புவியாமை என்பது ஒறுக்காமை என்றாகாது. இந்தியக் குடி ஒருவன் வெளிநாட்டிற் செய்த குற்றத்தை இந்திய நீதிமன்றமே விசாரிக்க நம் சட்டத்தில் இடமுண்டு. நம்பிக்கையுள்ள அண்டை நாடுகள் தம்முள் எளிய முறை வைத்துக்கொள்ளுதலும் தவறன்று. சிங்கப்பூரும் மலேசியாவும் வாரண்டின் மேற் கையொப்பமிடும் பழைய வழியைத் தமக்குள் விடாது போற்றின. அது இரு சுதந்திர நாடுகள் மனமொத்துச் செய்துகொண்டது. மேலிருந்து ஒருவர் கட்டியதன்று.

ஆராயாமற் கொடுத்தலின் கேட்டினைத் தமிழர்க்கு வேறெவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. சோழநாட்டுக் கோவலன் பாண்டிய நாட்டிற் புகுந்தான். பொற்கொல்லன் ஒருவன் சொல்லே சான்றாயிற்று, அரசன் வினவவில்லை, வாள் முந்திற்று. பின்னர்ச் சிலம்பு உடைந்து உண்மை வெளிப்பட்டபோது, உயிரைக் கொடுத்தும் அரசனால் அதனை மீட்க இயலவில்லை. இளந்தத்தன் என்னும் புலவன் நலங்கிள்ளியிடத்தினின்று உறையூர்க்குச் சென்றபோது, ஒற்றனென்று கருதி நெடுங்கிள்ளி அவனைக் கொல்லத் துணிந்தான். கோவூர் கிழார் இடைநின்று எடுத்துரைத்தமையின் அவன் உயிர் பிழைத்தான். முன்னைய கதையில் வினவுவார் இல்லை. பின்னைய கதையில் ஒருவர் இருந்தார். இரண்டற்கும் உள்ள வேற்றுமை அவ்வளவே. புதிய சட்டங்கள் வேண்டும் சான்றும் விசாரணையும் கோவூர் கிழாரின் இடத்தில் நிற்கின்றன.

ஆதலின் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் யாம் கூறுவது இரண்டு. நம்மவன் என்னும் ஒரே காரணம் பற்றிப் பிறர் பொருளை வௌவி வந்தானை ஊரும் உறவும் கூடி ஒளித்தல் அடைக்கலமன்று. அது குற்றத்திற் பங்கு கொள்ளுதலாம். அவனை நீதிமன்றத்தின் முன் நிற்கச் செய்தலே குலத்திற்குப் பெருமை. அவ்வாறே, கடல் கடந்த நாட்டினின்று ஒரு வாரண்டு வந்தது என்பதனாலேயே நம்மில் ஒருவனைக் கள்வன் என்று தூற்றி வாயிலடைத்தலும் ஆகாது. வாரண்டு குற்றச்சாட்டேயன்றித் தீர்ப்பன்று. அவனுக்கு வழக்கறிஞரைத் தேடிக் கொடுத்து, அவன் சொல்லைக் கேட்பாரிடம் அவனைச் சேர்த்தல் நம் கடன். மறைத்தலும் கைவிடுதலும் இன்றி, வினவி அறிந்து கொடுத்தலும் காத்தலும் செய்வதே அறநெறியாம். அந்நெறி நம் இல்லங்களில் தழைப்பதாக.